டிலோஜினி எண்ணிய இருபத்தெட்டு நாள்

பெற்றிசியா தன் மகளின் கலியாணக் கார்டை தாழ்வுபாட்டில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். டிலோஜினியின் படலையடிக்கு வந்ததும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு நேரே நடந்தாள். டிலோஜினி முற்றத்தில் சாளைக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வேறொருத்தியாக இருந்தால் மனம் நொந்திருக்கும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கலியாணத்தைப் பற்றி பெற்றிசியாவுக்கே தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். நாலு வருடமாகக் கறுவிக்கொண்டிருந்தவளின் கைக்கு அது தானாக வந்து சேர்ந்திருந்தது.

டிலோஜினிக்கு அப்போது முப்பத்தொரு வயது. பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தில் முதன்முதல் வலிப்பு வந்து விழுந்தாள். டவுனில் தனியாராக வைத்தியம் பார்த்த ஒரு டொக்டர் வல்புரோவேற் என்ற குளிசையை எழுதிக் கொடுத்தார். வலிப்பு நின்றது. அதன்பிறகு பதினைந்து வருடம் ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "வலிப்பு வந்ததோ?" "இல்லை டொக்டர்." அதே குளிசை. கொலின்ஸைக் கலியாணம் முடிக்கப்போவதாகச் சொன்னபோது, "நல்லது, சந்தோஷம்" என்றார். அதே குளிசையைத்தான் எழுதினார். பிள்ளை பெறப்போகிறவள் அந்தக் குளிசையைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொலின்ஸ் கடற்தொழிலாளி. வாயில்லாத மனிதன். அவன் வீட்டில் வாய் முழுவதும் அவனுடைய அக்கா பெற்றிசியாவுக்குத்தான். கோயில் பங்கில் மரியாயின் சேனை என்ற செபக் குழுவுக்கு அவள்தான் தலைவி. யார் வீட்டுப் பிரச்சினையானாலும் கடைசிச் சொல் அவளுடையது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம். டிலோஜினிக்கு ஐந்தாம் மாதம். முதல் நாள் வந்த விருந்தாளிகளுக்குச் சமைக்க மீன் வெட்ட வேண்டியிருந்தது. கிணற்றடியில் குந்தியிருந்து வெட்டினாள். பெற்றிசியா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "கத்தியை வைச்சிட்டு உள்ளை போ" என்று கத்தினாள். டிலோஜினி சிரித்தாள். "மச்சாள், நாங்கள் வேதக்காரர். எங்களுக்கென்ன கிரகணம்?"

அந்தச் சிரிப்பைப் பெற்றிசியா மறக்கவில்லை.

ஜனவரி முடிவில்தான் முதல் ஸ்கான் எடுத்தார்கள். எடுத்த டொக்டர் நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். தலையின் மேல் எலும்பு மூடவில்லை. மூளை வளரவில்லை. பிறந்தாலும் தங்காது. இந்த நாட்டுச் சட்டத்தில் சுமந்து பெறுவதைத் தவிர வேறு வழியில்லை. தங்காத பிள்ளை என்று தெரிந்துகொண்டே டிலோஜினி மூன்று மாதம் சுமந்தாள். அது உதைக்கும்போதெல்லாம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த மூன்று மாதமும் பெற்றிசியாவின் வாய் ஓயவில்லை. கோயில் முற்றத்திலும் மீன் வாடியிலும் தண்ணீர் கொண்டுவரும் பவுசரடியிலும் ஒரே கதைதான். "கிரகணத்தண்டு கத்தி பிடிச்சவள். சொல்லச் சொல்லக் கேட்காமல் சிரிச்சவள். பிள்ளையின்ரை தலையைத் தாயே வெட்டிப்போட்டாள்."

பிள்ளை பிறந்தது ஏப்ரல் கடைசியில், ஊரடங்கு நாளில். ஆண்பிள்ளை. நாற்பது நிமிடம் உயிரோடு இருந்தது. புருவத்துக்கு மேலே தாதி துணியால் மூடித்தான் கொடுத்தாள். மூடாத முகம் கொலின்ஸை உரித்து வைத்தது போல இருந்தது. டிலோஜினி சுண்டுவிரலை நீட்டினாள். அது இறுகப் பிடித்துக்கொண்டது. குருவானவர் வர முடியாது என்று தெரிந்ததும், குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துத் தானே ஊற்றி, அருளப்பு என்று பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தாள்.

சேமக்காலைக்கு அவளைக் கூட்டிப்போகவில்லை. கொலின்ஸும் பெற்றிசியாவும் இன்னும் இரண்டு பேரும் போய், மூலை வேலியோரம் பிள்ளையைத் தாட்டுவிட்டு வந்தார்கள். சிலுவை இல்லை. பெயர் இல்லை. "அதுக்குப் பேரென்ன பேர்?" என்று பெற்றிசியா கேட்டதாக, கூடப் போன பேதுரு பிற்பாடு வந்து சொன்னான். ஒரு வருடம் போகுமுன் கொலின்ஸ் உடுப்புப் பையோடு அக்கா வீட்டுக்குப் போனான். அங்கிருந்து கட்டாருக்குப் போனான். போகும்போது டிலோஜினியிடம் சொல்லிவிட்டும் போகவில்லை.

குளிசை கொடுத்த டொக்டரும் அதற்கிடையில் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார். டிலோஜினி பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகத் தொடங்கினாள். அங்கேதான் டொக்டர் இர்ஷானாவைக் கண்டாள். முசலிப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும். மருந்து எழுதிய கொப்பியைப் புரட்டிய டொக்டர் குளிசையின் பெயரில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"வயித்தில பிள்ளை தங்கின நேரமும் இதைத்தான் குடிச்சீங்களா?"

"ஓம்."

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லயா?"

"கிரகணத்தண்டு மீன் வெட்டினது பிழையெண்டு சொன்னவை."

இர்ஷானா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். பிள்ளை தங்கி மூன்றாவது கிழமையில் அது இந்தத் தாளைப் போல ஒரு தட்டைப் படைதான் என்றாள். முதுகாக வரப்போகும் இடத்தில் நடுவிலே ஒரு கீற்றுத் தடிக்கும். தோலும் மூளையும் ஒரே படையிலிருந்துதான் உண்டாகின்றன. தடித்த பகுதி மூளையாகப் போகிறது, மற்றது தோலாகப் போகிறது. பிறகு நடு தாழ்ந்து வாய்க்கால் போலாகும். இரண்டு கரையும் எழும்பும். எழும்பி ஒன்றையொன்று தொட்டு ஒட்டும். டொக்டர் தாளின் இரண்டு ஓரங்களையும் தூக்கி நடுவிலே சேர்த்துப் பிடித்தாள்.

"முதல்ல கழுத்துப் பக்கம் ஒட்டும். அங்க இருந்து மேலயும் கீழயும் மூடிக்கொண்டு போகும். இருபத்தஞ்சாம் நாளளவில தலைப்பக்கம் மூடும். இருபத்தெட்டாம் நாளளவில முதுகின்ட அடிப்பக்கம் மூடும். அந்தக் குழாய்தான் பிறகு மூளையும் முள்ளந்தண்டு நரம்பும். தலைப்பக்கத்தில மூணு புடைப்பு வரும். அதிலேயிருந்து மூளையின்ட எல்லாப் பகுதியும் பிரியும். உங்கட பிள்ளைக்குத் தலைப்பக்கம் மூடவே இல்லை. திறந்து கிடந்த மூளை பன்னீர்க்குடத்து நீரில கிடந்து கரைஞ்சிட்டுது."

"அப்ப பிள்ளை எவ்வளவு?"

"எள்ளு மாதிரி. அதைவிடக் கொஞ்சம் பெரிசு."

டிலோஜினி விரல்விட்டு எண்ணினாள். ஓகஸ்ட் இரண்டாம் கிழமை தங்கியிருக்க வேண்டும். இருபத்தெட்டு நாள் என்றால் செப்டெம்பர் முதல் கிழமை. பிள்ளை தங்கியிருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது செப்டெம்பர் நடுவில். அவளுக்குத் தெரியுமுன்பே எல்லாம் முடிந்துபோயிருந்தது. கிரகணம் வந்தது அதற்கு மூன்றரை மாதம் கழித்து.

"குளிசையாலதானோ டொக்டர்?"

"உங்கட பிள்ளைக்கு அதாலதான் எண்டு ஒருத்தராலயும் சத்தியம் பண்ண ஏலாது. இதைக் குடிச்ச கன பேருக்கு நல்ல பிள்ளை பிறந்திருக்கு. ஆனா இந்தக் குளிசை இப்பிடி வாற ஆபத்தைப் பல மடங்கு கூட்டும். பிள்ளை தங்க முன்னமே வேற மருந்துக்கு மாத்தியிருக்க வேணும். போலிக் அசிட்டும் கூட அளவில தந்திருக்க வேணும். உங்களுக்குச் சொல்லாதது பெரிய பிழை."

டிலோஜினி தன் சுண்டுவிரலைப் பார்த்தாள். "அது என்ரை விரலைப் பிடிச்சது. என்னைத் தெரிஞ்சோ பிடிச்சது?"

இர்ஷானா தாளை மேசையில் வைத்தாள். "கழுத்துக்குக் கிட்ட மூளைத்தண்டு எண்டு ஒரு பகுதி இருக்கு. அதாலதான் மூச்சு விட்டது. விரலைப் பிடிக்கிறது முள்ளந்தண்டு நரம்பின்ட வேலை. தெரியிறதுக்கு வேண்டிய மூளை அதுக்கு இருக்கல்ல. நோவும் தெரிஞ்சிராது. அதை நம்புங்க."

அன்று பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. குளிசை கொடுத்த டொக்டரைப் பிடித்துக் கேட்க அவர் இந்த நாட்டில் இல்லை. பெற்றிசியா இருந்தாள். டிலோஜினி நேரே கோயில் முற்றத்துக்குப் போய், செபமாலை முடிந்து நின்ற பெண்களுக்கு முன்னால் டொக்டர் சொன்னதைச் சொன்னாள். கொலின்ஸுக்கும் போன் பண்ணிச் சொன்னாள். அவன் "ம்" என்று கேட்டுவிட்டு வைத்தான். பெற்றிசியா வாயைப் பொத்திச் சிரித்தாள். "டொக்டர்மார் ஆயிரம் சொல்லுவினம். கத்தி பிடிச்சது ஆர், டொக்டரோ?" நின்றவர்களில் இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள்.

அந்த இரண்டு பேரையும் டிலோஜினி மறந்துவிட்டாள். பெற்றிசியாவை மறக்கவில்லை. இர்ஷானா மருந்தை மெல்ல மெல்ல மாற்றிக் கொடுத்தாள், உடம்பு தேறியது. மீனைக் கீறி உப்பு வைக்கும் ஒவ்வொரு காலையும் பெற்றிசியாவை எப்படி அழவைப்பது என்றுதான் நினைத்தாள். அவள் வீடு எரிய வேண்டும் என்று நினைத்தாள். பிறகு, வீடு எரிந்தால் ஊர் சேர்ந்து கட்டிக் கொடுத்துவிடும் என்று அந்த நினைப்பை விட்டாள்.

இரண்டாயிரத்து இருபத்துநாலு மார்ச்சில் டவுன் மருந்துக்கடையில் நின்றபோது முன்னால் ஒரு பெண் மருந்துத் துண்டை நீட்டினாள். கடைக்காரன் எடுத்து வைத்த பெட்டியை டிலோஜினிக்கு எட்ட நின்றே தெரிந்தது. அவள் பதினைந்து வருடம் விழுங்கிய குளிசை. திரும்பியவள் சுவேதினி, பெற்றிசியாவின் ஒரே மகள். அவளுடைய முகம் வெளிறிப் போனது.

"மாமி... கண்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. அரிப்பு ஊரிலை கலியாணம் பேசியிருக்கு. அவைக்கு என்ரை வலிப்பு வருத்தம் தெரியாது. அம்மா தெரியக்கூடாதெண்டு சொன்னவ."

"எவ்வளவு காலமாக் குடிக்கிறாய்?"

"மூண்டு வருசம்."

"ஆரிட்டையும் சொல்லமாட்டன், போ" என்றாள் டிலோஜினி. சொல்லும்போதே உள்ளே ஒரு இனிப்பு ஊறியது. வாக்குக் கொடுத்தாயிற்று. இனி வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும்.

மூன்று ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள். அரிப்பைச் சேர்ந்த அலெக்ஸாண்டரும் தாழ்வுபாட்டைச் சேர்ந்த சுவேதினியும் விவாகம் செய்ய இருக்கிறார்கள். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும். மூன்று ஞாயிறும் டிலோஜினி கடைசி வாங்குப் பலகையில் இருந்து பெற்றிசியாவின் பிடரியையே பார்த்தாள். மே மாதம் கலியாணம் நடந்தது. டிலோஜினி கலண்டரில் நாளைக் குறித்து, மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஸ்கான் அறைக்கு வெளியே பெற்றிசியா நிற்பதை நினைத்துப் பார்த்தாள். துணியால் தலை மூடிய பிள்ளையை அவள் கையில் கொடுப்பதை நினைத்துப் பார்த்தாள். சுவேதினியின் முகம் அந்த நினைப்புக்குள் வந்தபோது தள்ளிவிட்டாள்.

கலியாணம் முடிந்து இரண்டாவது கிழமை, ஊரில் மதுஷிகா என்ற பெண்ணுக்குக் கரு கலைந்தது. கோயில் கிணற்றடியில் பெற்றிசியா சொன்னதை டிலோஜினி தன் காதால் கேட்டாள். "அந்த டிலோஜினியிட்டைக் கருவாடு வாங்கப் போனவளெல்லோ. அவளின்ரை கண் பட்டால் பின்னை என்ன?"

டிலோஜினி அப்படியே நின்றாள். சுவேதினிக்கு ஏதும் நடந்தாலும் இவள் இதைத்தான் சொல்வாள். அடி எங்கிருந்து விழுந்தது என்றே அவளுக்குத் தெரியப்போவதில்லை. டிலோஜினியின் கண் என்பாள், கிரகணம் என்பாள், இல்லாவிட்டால் பெற்ற மகளையே குற்றம் சொல்வாள். ஊரும் தலையாட்டும். இதுவா பழிவாங்கல்? பெற்றிசியாவுக்குத் தெரிய வேண்டும். அவள் வாயால் சொல்லவும் வேண்டும்.

அடுத்த நாள் காலை பெற்றிசியாவின் வீட்டுக்குப் போனாள். புருஷன் யாகப்பர் கடலுக்குப் போயிருந்தார். பெற்றிசியா கதிரையை விட்டு எழும்பாமல், "என்ன விஷயம்?" என்றாள்.

"சுவேதினி குடிக்கிற குளிசை. நான் குடிச்சதும் அதுதான்."

பெற்றிசியா எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினாள். டிலோஜினி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: மூன்றாம் கிழமை, எழும்பும் இரண்டு கரை, இருபத்தெட்டு நாள்.

"பொய். நீ பொறாமையிலை சொல்லுறாய்."

"போய் மிட்வைஃப் மிஸ்ஸியிட்டைக் கேளுங்கோ. ஆனால் கேக்கிறதெண்டால் மகளுக்கு வலிப்பெண்டு சொல்லவேணும். கலியாணம் முடிஞ்சு பதினைஞ்சு நாள். மகளுக்கு எப்ப தங்குமெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என்ன செய்யவேணுமெண்டு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னம் என்ரை பிள்ளையைப் பற்றிச் சொன்னது பொய்யெண்டு, சொன்ன இடத்திலையே நிண்டு சொல்லவேணும்."

"வெளியிலை போடி!"

போனாள். ஐந்து நாள் பெற்றிசியா தாங்கினாள். ஆறாம் நாள் பத்து மணி வெயிலில் டிலோஜினியின் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது. முருங்கனில் தெரிந்த ஒரு தாதியிடம் போய், வேறு யாருக்கோ கேட்பது போலக் கேட்டிருக்கிறாள். அவளும் அதையே சொல்லி, ஆளைக் கூட்டிவராமல் மருந்து மாற்ற ஏலாது என்றிருக்கிறாள்.

"எங்கை சொல்லவேணும்?" என்றாள்.

"சனிக்கிழமை, நவநாளிலை."

அந்தச் சனிக்கிழமையை டிலோஜினி தெரிந்துதான் எடுத்தாள். கோயில் திருநாளுக்கு முந்திய நவநாள் செபத்துக்கு அரிப்புச் சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள். அலெக்ஸாண்டரின் தாய் மூன்றாவது வாங்கில் சுவேதினிக்குப் பக்கத்தில் இருந்தாள். பின்னேரச் செபம் முடிந்து பெண்கள் எழும்பும் நேரம் பெற்றிசியா முன்னால் போய் நின்றாள்.

"நான் டிலோஜினியைப் பற்றி யோசியாமல் சில கதை கதைச்சுப்போட்டன். மன்னியுங்கோ."

"முழுக்கச் சொல்லுங்கோ மச்சாள்" என்றாள் டிலோஜினி பின்னாலிருந்து.

பெற்றிசியா கையிலிருந்த செபமாலையைப் பிசைந்தாள். "கிரகணத்தாலை பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லை. கிரகணத்துக்கு முன்னமே, முதல் மாசத்திலையே தலை மூடாமல் போட்டுது. அவளிலை ஒரு பிழையும் இல்லை. தாய் பிள்ளையை வெட்டினாளெண்டு நான் சொன்னது பொய்." கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது.

டிலோஜினி கேட்டிருந்தது அவ்வளவுதான். அதோடு டிலோஜினி இருந்திருக்கலாம். நாலு வருடக் கோபம் இருக்கவிடவில்லை.

"இதெல்லாம் இப்ப ஆருக்காகக் கேட்டு அறிஞ்சனீங்கள்? அதையும் சொல்லுங்கோ. நான் குடிச்ச அதே வலிப்புக் குளிசையை உங்கடை மகளும் குடிக்கிறாளெண்டு சொல்லுங்கோ."

எழும்பிய பெண்கள் திரும்பவும் வாங்கில் இருந்தார்கள். அரிப்புக்காரி மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். பெற்றிசியா பீடத்தடியிலேயே குந்திவிட்டாள். அவளுடைய அந்த முகத்தைத்தான் டிலோஜினி நாலு வருடமாக நினைத்து வைத்திருந்தாள். ஆசை தீரப் பார்த்தாள். சுவேதினியைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் சுவேதினியே வந்தாள். மாமியார் அவளை இரவோடிரவாகத் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டாள்.

"மாமி, உங்களுக்கு அம்மாவோடை கோபம். சரி. நான் உங்களுக்கு என்ன செய்தனான்? சொல்லமாட்டனெண்டு வாக்குத் தந்தனீங்களெல்லோ?"

டிலோஜினி அவளைப் பார்க்காமல் திரும்பினாள். உள்ளே போய் ஒரு கடதாசித் துண்டில் டொக்டர் இர்ஷானாவின் கிளினிக் நாளை எழுதிக்கொண்டு வந்தாள். "குளிசையை நீயா நிப்பாட்டிப்போடாதை. திடீரெண்டு விட்டால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. டொக்டர் கொஞ்சம் கொஞ்சமா மாத்துவா. மாத்தி முடியுமட்டும் பிள்ளை தங்காமல் பாத்துக்கொள். போலிக் அசிட் கேள்."

சுவேதினி துண்டை வாங்கினாள். நன்றி என்று சொல்லவில்லை. படலையைச் சாத்தாமலே போனாள்.

ஒரு கிழமை கழித்து அலெக்ஸாண்டர் மோட்டார்சைக்கிளில் வந்து மனைவியை ஏற்றிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனான். அவனுடைய தாய் ஏழெட்டு மாதம் மருமகளோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. மருந்து மாற்ற அரை வருடத்துக்கு மேல் பிடித்தது. நடுவே இரண்டு முறை வலிப்பு வந்தது. இரண்டாயிரத்து இருபத்தைந்து முடியுமுன் சுவேதினிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. எந்தக் குறையும் இல்லாத பிள்ளை. ஞானஸ்நான விருந்துக்கு டிலோஜினிக்கு அழைப்பு இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

நவநாளுக்குப் பிறகு பெற்றிசியா சேனைத் தலைமையை விட்டாள். சேமக்காலை மூலையில் டிலோஜினி அருளப்பு என்று எழுதிய சிமெந்துச் சிலுவையை நட்டபோது ஒருவரும் தடுக்கவில்லை. கட்டாரிலிருந்து கொலின்ஸ் போன் எடுத்தான். "அக்கா சொன்னது பொய்யெண்டு இப்பதான் தெரியும். நான் வரட்டோ?" "நான் சொன்னபோது தெரியேல்லை, அக்கா சொன்னபோதுதான் தெரிஞ்சதோ?" என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள். அவன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இப்போது குடும்பநல மிட்வைஃப் புதிதாகக் கலியாணம் முடித்தவர்களுக்கு நடத்தும் கூட்டத்துக்கு டிலோஜினியை அழைக்கிறாள். அவள் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் காட்டி, பிள்ளை தங்கியது தெரியுமுன்பே இது நடந்து முடிந்துவிடும் என்று சொல்கிறாள். கேட்பவர்கள் புண்ணியம் என்கிறார்கள். இனி ஒரு பெற்றிசியா வாய் திறக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன் என்று அவள் ஸீனத்திடம் சொல்லியிருக்கிறாள். ஸீனத் கிளினிக்கில் வேலை செய்பவள், அவளுடைய சிநேகிதி. சுவேதினி கேட்ட கேள்வி சிலநாளில் அவளை நித்திரை கொள்ளவிடுவதில்லை என்றும் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குச் செய்தது பிழைதான் என்று ஒத்துக்கொள்கிறாள்.

பெற்றிசியாவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அவ பட்டது காணாது, இன்னும் படவேணும்" என்கிறாள்.